இரண்டு பட்டம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் அத்தான் தலையில் நான் ஊற்றுகிற முதல் வாளித் தண்ணீர் சிவப்பாகத்தான் வடியும். தேரி மண். காது மடலுக்குள்ளும் புருவத்திலும் வேட்டி மடிப்பிலும் நகக்கண்ணிலும் ஒளிந்துகொண்டு பாளையங்கோட்டை வரை கூடவே வந்திருக்கும். அடுத்த வாளிக்கு நிறம் வெளுக்கும். அதற்கடுத்ததில் தெளியும். அதுவரை குந்தியிருப்பவர், தலையைத் துவட்டிக்கொண்டே கேட்பார்: "ஏட்டி, தர்க்கத்துல எதுவரைக்கும் நடத்திருக்காங்களாம்?" சனிக்கிழமைக் காலை வகுப்பில் நடந்த பாடத்தை அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். நான் அத்தானுக்குச் சொல்லுவேன். முதுகில் வார்கள் அழுந்திய தடம் அப்போதும் சிவந்திருக்கும். அவர் கேட்டுக்கொண்டிருப்பது தர்க்கத்தையா, இன்னும் காதுக்குள் அடித்துக்கொண்டிருக்கும் காற்றையா என்று எனக்குத் தெரியாது.

அவர் என் அப்பாவின் தங்கை மகன். மாமா கிராமத்தில் உபதேசியாராக இருந்து சீக்கிரமே காலமாகிவிட்டார். அதனால் அத்தான் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மிஷன் ஆரம்பப் பள்ளி ஒன்றில் சில வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டு, மற்ற பிள்ளைகள் பி.ஏ. முடிக்கிற வயதில்தான் காலேஜில் சேர்ந்தார். எப்.ஏ. என்ற பெயரை எடுத்துவிட்டு இன்டர்மீடியட் என்று வைத்திருந்த புதிது. காலேஜுக்குக் கட்டுகிற சம்பளத்துக்கு மிஷனே உதவியது. படித்து முடித்துவிட்டு மிஷன் பள்ளிக்கே வாத்தியாராக வரவேண்டும் என்பது ஏற்பாடு. நான் பெண்கள் பள்ளியில் பயிற்சி முடித்து அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கலியாணமாகிச் சில மாதமே ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய அம்மாவும், அதாவது என் அத்தையும். பரம்பரைச் சொத்து என்று ஒன்றுமில்லாத வீட்டில் ஒரு பி.ஏ. வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே எங்களுக்குப் பெரிய சொத்தாக இருந்தது.

முதல் வருஷம் காலேஜ் திறப்பதற்கு முந்திய கோடையில்தான் அந்தத் துரை எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். தூத்துக்குடியில் பஞ்சு அழுத்தும் ஆலை ஒன்றில் இன்ஜினியர். கப்பலில் பெட்டி பெட்டியாக மூங்கில் சட்டங்களும் கம்பிகளும் வரவழைத்து, காற்றில் மிதக்கிற யந்திரம் ஒன்றைச் செய்ய நினைத்திருந்தார். இன்ஜின் கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குச் சிறகு. மூங்கிலில் மஸ்லின் துணியை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியது. நடுவில் ஒரு ஆள் தோல் வார்களில் அக்குளைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டு, மேட்டிலிருந்து காற்றை எதிர்த்து ஓடி, கால் தரையை விடவேண்டும். அதற்கு உயரமும் மெத்தென்ற மண்ணும் ஓயாத காற்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். அப்படி ஓர் இடம் எங்கள் பக்கத்தில் தேரிதான். செம்மண் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் குன்றே இடம் மாறும். துரைக்குத் தமிழ் வராது, ஊர் ஆசாரிகளுக்கு இங்கிலீஷ் வராது. அங்கிருந்த பாதிரியார் சொல்லி, கோடை விடுமுறையில் பேச்சை மாற்றிச் சொல்லப் போனார் அத்தான். துரை கனத்த உடம்புக்காரர். சிறகு அவரைத் தூக்க மறுத்தது. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அங்கிருந்தவர்களிலேயே ஒல்லியான அத்தானிடம், "நீர் ஒருமுறை தொங்கிப் பாரும்" என்றாராம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். "காலுக்குக் கீழ ஒண்ணுமில்லட்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஒண்ணுமே இல்ல." அத்தை அடுக்களையிலிருந்து, "ஆண்டவர் மனுசனுக்குச் செட்டை குடுக்கணும்னு நெனச்சிருந்தா தோள்ல குடுத்திருப்பாரு" என்றாள். அவர் சிரித்தார். கலியாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சீமையில் பறக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடங்கள் வந்துவிட்டன என்று துரை சொன்னார். தான் விடுமுறைக்கு ஊர் போகும்போது அத்தானையும் அழைத்துப்போய்ச் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். ஆனால் ஒரு இந்தியனை அங்கே ஏறெடுத்துப் பார்க்க வேண்டுமானால் இரண்டு வேண்டும். கணிதத்தோடு இன்டர்மீடியட் பாஸ் ஒன்று. காற்றில் கை பழகியிருப்பது இன்னொன்று. ஒன்று மட்டும் போதாது. அந்தப் பேச்சை அத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றுமுதல் எங்கள் வாரம் இரண்டாகப் பிளந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பு விட்டதும் துரை கொடுத்த பழைய சைக்கிளில் ஏறுவார். ஆற்றோரமாகவே போய் ஆழ்வார்திருநகரியில் தெரிந்தவர் வீட்டில் படுத்து, சனிக்கிழமை விடியும்போது தேரியில் நிற்பார். சனி முழுவதும், ஞாயிறு மத்தியானம் வரை பழக்கம். பிறகு அதே வழியில் திரும்பி வருவார். சனிக்கிழமைக் காலை வகுப்பும் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலும் போயிற்று. கோயிலில் எங்கள் பெஞ்சில் நானும் அத்தையும் மட்டும் உட்கார்ந்திருப்போம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது விசாரிப்பார்கள். அத்தை ஒளிக்கமாட்டாள். "ஒரு பட்டம் வாங்கப் போனவன் இன்னொரு பட்டத்துல தொங்குதான்" என்பாள். தேரிப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தச் சிறகுக்கு 'துரை பட்டம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மற்ற நாட்களில் அவரைப்போலப் படித்தவர் கிடையாது. காலையில் கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பார். நான் படியில் உட்கார்ந்து அவருக்குச் சரித்திரம் வாசிப்பேன். குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது, வாசித்ததைத் திருப்பிச் சொல்லுவார். கணக்கை மட்டும் அவரே எடுத்துக்கொள்வார். கோணமும் சரிவும் அவருக்கு இனித்தன. சரித்திரத்தில் வருகிற ராஜாக்களில் ஒருவர் முகமும் அவருக்கு நிற்கவில்லை. வகுப்பில் தூங்கிவிட்டதாகச் சில நாள் சொல்லுவார். வெட்கத்தோடு சொல்லவில்லை, களைத்த மாடு படுத்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொல்லுவார்.

ஒரே ஒரு முறை என்னைத் தேரிக்குக் கூட்டிப் போனார். முதல் வருஷத்து ஆடியில், பள்ளிக்கு விடுமுறை வந்தபோது, மாட்டு வண்டியில் போனேன். காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. முக்காட்டை இழுத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். மேட்டின் உச்சியில் ஆசாரிகள் இருவர் சிறகின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அத்தான் நின்றார். துரை கையைத் தாழ்த்தியதும் சரிவில் ஓடினார். நாலைந்து எட்டு ஓடினாரோ என்னவோ, அதன்பிறகும் கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆனால் அவற்றின் கீழே மண் இல்லை. சரிவு தாழத் தாழ அவர் தாழவில்லை. கீழே பனைவிளையில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் மரத்து உச்சியிலிருந்து உரக்கச் சொன்னது காற்றில் கேட்டது: "ஏலே, இங்கன பாருங்கலே, உபதேசியார் மவன் எனக்கு நேரா போறாரு." அது எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட இருக்காது. இறங்கி மணலில் உருண்டு எழுந்து என்னைத்தான் தேடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, "ஒண்ணுமில்ல பிள்ளே, பைய இறங்கிட்டேன்லா" என்றார். நான் பயத்தில் அழவில்லை. இந்த மனிதருக்கு இனித் தரையில் எந்த வேலையிலும் மனசு ஒட்டாது என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

இரண்டாம் வருஷம் ஆடி பிறக்கும்போது பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் திருச்சபையின் குருவானவர், என் அப்பாவை அறிந்தவர். நானும் கூடப் போனேன். அவர் கோபிக்கவில்லை. "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் வராத நாட்களை நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம். யூனிவர்சிட்டி கண்ணை மூடாது. இன்று முதல் ஒரு சனிக்கிழமைகூடத் தவறக் கூடாது. தவறினால் பரீட்சைக்கு அனுப்ப என்னால் முடியாது" என்றார். அத்தான் தலையை ஆட்டினார். வெளியே வரும்போது பிரின்சிபால் அவர் தோளைத் தொட்டு, "காற்று அடுத்த வருஷமும் வரும், மிஷன் உதவி அடுத்த வருஷம் வராது" என்றார். அந்த வாரமே துரையிடமிருந்து ஆள் வந்தது. சிறகை அகலப்படுத்தியாயிற்று, இந்தப் பருவத்தை விட்டால் பழக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும், இந்தக் காற்று வராது" என்று துரை சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு பேர் சொன்னதும் நிஜம்தான். இரண்டு பேருமே அவருக்கு நல்லதுதான் நினைத்தார்கள்.

சில சனிக்கிழமைகள் வகுப்பில் உட்கார்ந்தார். காலேஜுக்கு வெளியே வேப்பமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைகிற மாதம் அது. வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று நான்தான் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். "மேக்க இருந்து சரியா அடிக்குதுட்டி. இம்புட்டு ஒழுங்கா அடிச்சு நான் பாத்ததில்ல" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை சைக்கிளைத் துடைத்து வைத்தார். நான் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போகாமல் இருந்திருப்பார். இருந்திருந்தாலும் வகுப்பில் உட்கார்ந்திருப்பது அவராக இருந்திருக்காது.

மாசியில் பரீட்சைக்குப் போகிறவர்களின் பெயரை ஒட்டினார்கள். அத்தான் பெயர் இல்லை. மிஷன் உதவி நின்றது. அந்த மாதம்தான் எங்கள் மகள் பிறந்தாள். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தடவை ரெண்டையும் முடிச்சிருவேன்" என்று அவளிடம் சொன்னார். என் சம்பளத்திலேயே ஆனியில் மறுபடியும் காலேஜில் சேர்ந்தார்.

ஆடி முடியும்போது சீமையில் யுத்தம் என்று சேதி வந்தது. துரை உடனே கிளம்பிவிட்டார். பறக்கிற படையில் சேரப்போவதாகவும், இடம் வந்ததும் அத்தானுக்கு எழுதுவதாகவும் சொல்லி, சிறகை அவரிடமே விட்டுப்போனார். "சாகிப்மார் சொல்லு கப்பல் ஏறுன பெறவு செல்லுமா?" என்று அத்தை கேட்டாள். இப்போது சொல்லித்தர ஆளும் கிடையாது, கையைத் தாழ்த்திக் குறிப்புக் காட்டவும் ஆள் கிடையாது. ஆனாலும் அந்த வருஷக் காற்று ஓய்வதற்குள் இன்னும் சில தடவை என்று போய்க்கொண்டுதான் இருந்தார்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, நான் வகுப்பில் இருக்கும்போது மூத்த ஆசாரி வந்து வாசலில் நின்றார். மேல்துண்டு கையில் இருந்தது. "பைய இறங்கிட்டுதான் இருந்தாரு தாயி. ஒரு சுழிக்காத்து. எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல. இடது செட்டை மடங்கிட்டு" என்றார். பிறகு, "உசுருக்கு ஒண்ணுமில்ல. மிஷன் ஆஸ்பத்திரியில போட்டுட்டுத்தான் வாரேன்" என்றார். இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மரச் சட்டத்தில் காலைக் கட்டி மாதக்கணக்கில் கிடந்தார். எலும்பு கூடியபோது அந்தக் கால் சற்றே குட்டையாகிவிட்டது. தையில் கோல் ஊன்றி நடந்தார். அதே கூடத்தில்தான் எங்கள் மகளும் சுவரைப் பிடித்து நடை பழகினாள். இரண்டு பேரில் யார் விழுந்தாலும் அத்தை ஒரே மாதிரி, "எந்திரி, எந்திரி" என்பாள்.

அந்த வருஷம் அவர் வகுப்புக்குப் போன நாட்கள் முந்திய வருஷத்தைவிடக் குறைவு. ஆனால் பிரின்சிபால் தாமே எழுதி, நோய் என்று காரணம் காட்டி, அனுமதி வாங்கித் தந்தார். காற்றுக்காகப் போனதை மன்னிக்காத சட்டம், விழுந்து கிடந்ததை மன்னித்தது. படுக்கையில் கிடந்தபடியே அந்த ராஜாக்களையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். கோல் ஊன்றிப் போய்ப் பரீட்சை எழுதினார். பாஸ். பெயர் வந்த பத்திரிகையை அத்தை கோயிலுக்கு எடுத்துப்போனாள். அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மேற்கொண்டு பி.ஏ. படிக்க வசதியும் இல்லை, அவருக்கு மனசும் இல்லை. மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாரானார்.

துரைக்கு மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். பாஸானதை எழுதினார். "கால் விசயம் எழுதலியா?" என்று கேட்டேன். "பறக்குறதுக்குக் கால் எதுக்குட்டி?" என்றார். பதில் ஒன்றும் வரவில்லை. மறந்துவிட்டார் என்று அத்தை சொன்னாள், செத்திருப்பார் என்று நான் நினைத்தேன். யுத்தம் தொடங்கி மூன்று வருஷத்துக்கும் மேலான பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு நாளில் துரையின் கடிதம் வந்தது. மனிதர் வாக்குத் தவறவில்லை. இந்தியர் சிலரையும் விமானப் படையில் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும், அத்தானின் பெயரைத் தாமே சொல்லியிருப்பதாகவும், அவருடைய பாஸையும் தேரியில் அவர் பழகியதையும் மேலிடத்தில் எடுத்துச் சொல்லியிருப்பதாகவும், மதராஸில் வைத்தியச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள் என்றும் எழுதியிருந்தார். அவர் ஏமாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஏமாற்றியவனைத் திட்டிவிட்டு ஒரு மனுஷன் நிம்மதியாக இருந்துவிடலாம்.

சோதனைக்கு ஒரு மாதம் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் கொல்லையில் நடப்பார். கோல் இல்லாமல், கிணற்றிலிருந்து முருங்கை மரம் வரை. நான் படியில் நின்று பார்ப்பேன். இடது செருப்புக்குள் துணியை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். போதவில்லை என்று பழைய தோல் ஒன்றை வெட்டி வைத்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பி நின்று கேட்பார்.

"இப்பம் தெரியுதா?"

"தெரியுது அத்தான்."

"இப்பம்?"

"கொஞ்சம்."

நாளாக ஆக உண்மையிலேயே குறைந்தது. வலியை முகத்தில் காட்டாமல் நடக்கவும் பழகிவிட்டார். ஒரு நாள் "தெரியல" என்று மனசாரச் சொன்னேன். அப்போது அவர் பின்னாலேயே எங்கள் மகள் விளையாட்டாக நடந்து வந்தாள். அப்பாவைப் பார்த்துப் பார்த்து அவரைப்போலவே நடந்தாள். அவள் நடையில் அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் மறுபடியும் கிணற்றடிக்குப் போய், முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தார்.

மதராஸுக்கு நானும் போனேன். கட்டடத்தின் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அவர் உள்ளே போனபோது வாசலிலிருந்து டாக்டர் துரையின் மேஜை வரை நடந்ததை நான் முழுக்கப் பார்த்தேன். கொல்லையில் ஒரு நாளும் அவர் அவ்வளவு நேராக நடந்ததில்லை. டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், ஏதோ கேட்டுச் சிரித்தார், அத்தானும் சிரித்தார். பிறகு ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, தாம் எதிரே உட்கார்ந்து, அத்தானின் பாதங்களைத் தம் இரண்டு உள்ளங்கையிலும் வாங்கிக்கொண்டு, தள்ளும் என்றார். விமானத்தைத் திருப்புவது காலால் மிதிக்கிற ஒரு கட்டையாம். அது எங்களுக்குத் தெரியாது. தேரியில் அப்படி ஒன்று கிடையாது. வலது கால் தள்ளியதில் டாக்டரின் நாற்காலி நகர்ந்தது. இடது கால் தள்ளியபோது ஒன்றும் நடக்கவில்லை. "இன்னும் பலமாக" என்றார் டாக்டர். அத்தானின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் வெளியிலிருந்து பார்த்தேன். டாக்டர் பாதத்தைப் பைய, அடிபட்ட பறவையைக் கீழே விடுவதுபோல, தரையில் வைத்தார். ஒரு மாதமாக நாங்கள் பழகியது வேறு பரீட்சைக்கு.

ரயிலில் திரும்பும்போது மணியாச்சி தாண்டிய பிறகு, "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுலா?" என்று கேட்டார். உண்டு என்றேன். துரைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதினார், இந்த முறை கால் விஷயத்தையும் சேர்த்து. அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே துரை பிரான்சில் எங்கோ விழுந்து இறந்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது.

அதன்பிறகு அத்தான் வெகுகாலம் கணக்கு வாத்தியாராக இருந்தார். நல்ல வாத்தியார் என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். குடிக்கவில்லை, கோபிக்கவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. தேரிப் பக்கம் கலியாணம், சாவுத் துட்டி என்று எது வந்தாலும் என்னையும் மகளையும் மட்டும் அனுப்பிவைத்தார். பழைய மாணவர்களில் விமானத்தில் ஏறி டில்லிக்குப் போய்வந்தவர்கள் உண்டு. அவர்கள் வந்து சொல்லும்போது, பிரயாணம் சௌகரியமா என்று மட்டும் கேட்பார். மேலேயிருந்து என்ன தெரிந்தது என்று கேட்கமாட்டார். ஆடியில் காற்று இரைகிற நாட்களில் மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடச் சொல்லுவார். நான் சாத்துவேன்.

போன வருஷம் அவரை அடக்கம் செய்தோம். கல் வைக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். கல்வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்து என்ன போடவேண்டும் என்று கேட்டார். பெயர், உபதேசியார் மகன் என்பது, இன்டர்மீடியட், கணித ஆசிரியர், ஒரு வேத வசனம். எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டினார். கல்லில் இன்னும் இடம் இருக்கிறது என்றார்.

"வேற ஏதாவது சேக்கணுமா அம்மா?"

நான் யோசித்துப் பார்த்தேன். விமானி என்று போட அவர் விமானி ஆகவில்லை. பறந்தவர் என்று போட்டால் வாசிக்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். மகளைப் பார்த்தேன், அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கல்வெட்டுகிறவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு காத்திருந்தார்.

"இல்ல, இது போதும்" என்றேன்.